பி.ஏ. இங்கிலீஷும் நான்கு மலையாளத் தாள்களும்

பி.ஏ. ஆங்கில இலக்கியம் என்றால் எல்லாம் ஆங்கிலமாகத்தான் இருக்கும் என்று ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொலைதூரக் கல்வியில் நான் சேர்ந்த படிப்பில் மொத்தம் முப்பது தாள்கள். அவற்றில் இருபத்தாறு ஆங்கிலமும் மற்றப் பாடங்களும். நான்கு தாள்கள் இரண்டாம் மொழி. அந்த நான்கில் ஒன்று போனாலும் பட்டம் இல்லை. சேர்ந்து ஐம்பத்திரண்டு நாள் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது.

நான் இந்தப் படிப்பில் சேர்வது இது இரண்டாம் தடவை. பதினெட்டு வயதில், பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பிரீடிகிரி முடித்து, அரசுக் கல்லூரியில் இதே பி.ஏ.வுக்கு இடம் கிடைத்துப் பதினேழு நாள் போனேன். பதினெட்டாம் நாள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம், கோவை வழியில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீசில் ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே முப்பத்துநான்கு வருடம், ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, எத்தனை பேர் தாமதம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்கு வேண்டிய ஆங்கிலம் அறுபது, எழுபது சொல்தான் இருக்கும்.

கல்லூரிக்குப் போன அந்தப் பதினேழு நாளில் ஆசிரியர் ஒரு கவிதையை எடுத்து, பதினான்கு வரியில் ஆறு வரி வரை நடத்தியிருந்தார். மீதி எட்டு வரியைப் பிறகு நானே பல தடவை படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் இருந்தது. ஆனால் ஏழாவது வரியில் அந்தக் கவிஞன் ஏன் திடீரென்று பேச்சை மாற்றுகிறான் என்பதற்கு அகராதியில் பதில் இல்லை. யாராவது வகுப்பில் நின்று சொல்ல வேண்டும். எழுபது வயதில் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதோடு ஒரு பட்டமும்.

அவசரமும் இருந்தது. கண் அழுத்த நோயில் இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. இது இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் டாக்டர், பார்க்கலாம் என்பார். பார்க்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கணக்குப் போடுவது? படிப்பு மூன்று வருடம். கண் நான்கு வருடம் தாங்கினால் போதும் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டிலும் தோட்டத்திலும் சந்தையிலும் தமிழ்தான். ஆனால் ஒரு மேசையும், அதன்மேல் காகிதமும், அதற்குப் பின்னால் ஒரு ஆளும் இருந்தால் போதும், வாய் தானாக மலையாளத்துக்கு மாறிவிடும். வில்லேஜ் ஆபீசானாலும் கரண்ட் ஆபீசானாலும் அப்படித்தான். எனக்கு மலையாளம் தடையில்லாமல் பேச வரும். எழுதவோ படிக்கவோ ஒரு எழுத்தும் வராது. படித்தது தமிழ் மீடியம். பிரீடிகிரியிலும் தமிழ்தான் எடுத்தேன். வேலையோ எல்லைக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு வரும் மலையாளக் காகிதங்களை என் மனைவி படித்துச் சொல்வாள். அவள் ஊரில் பக்கத்துப் பள்ளிக்கூடம் மலையாளப் பள்ளிக்கூடம். ஏழாவது வரை படித்தவள்.

விண்ணப்பத்தை ஆன்லைனில் போட வேண்டும் என்பதால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் மேசை இருந்தது. நான் மலையாளத்தில் ஆரம்பித்தேன். அவளும் மலையாளத்தில் கேட்டுக் கேட்டு அடித்தாள். கொண்டுபோன போட்டோக்கள் ஆறில் ஒன்று குறைவது போலிருந்ததால் நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். முடிவில் நான்கு பக்கம் அச்சாகி வந்தது. பக்கங்களை எண்ணினேன். கையெழுத்து மூன்று இடத்தில் போட வேண்டும் என்றாள். மூன்றையும் சரிபார்த்துப் போட்டேன். எண்ண வேண்டியதையெல்லாம் எண்ணினேன். படிக்கவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் புத்தகப் பார்சல் வந்தது. ஐந்து புத்தகம். நான்கு ஆங்கிலம். ஐந்தாவது மலையாளம். யாருடையதோ மாறி வந்திருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

“மாறியெல்லாம் வல்லீங்க. உங்க நெம்பருதான் ஒட்டியிருக்குது. ஏனுங்க, மலையாளம் படிக்கப் போறேன்னு சொல்லவேயில்லீங்களே?”

பீரோவிலிருந்து விண்ணப்ப நகலை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கம், பதினோராவது கட்டம். மலையாளம் என்று ஆங்கிலத்திலேயே தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை சென்டர் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அந்தப் பெண் வந்து ஷட்டரைத் தூக்கினாள். கோபத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அய்யா, நீங்க உள்ள வந்ததுல இருந்து மலையாளத்துலதானுங்க பேசுனீங்க. ரெண்டாவது மொழி மலையாளந்தானேன்னு கேட்டேன். போட்டோவ எண்ணிக்கிட்டே தலைய ஆட்டுனீங்க.”

“நீ தமிழா, அம்மிணி?”

“வேலந்தாவளமுங்க. உங்க மலையாளத்தக் கேட்டு, நீங்க ஒத்தப்பாலம் பக்கத்து ஆளுன்னு நெனச்சுட்டேனுங்க.”

அவளை என்ன சொல்வது? முதல் நாளே அம்மிணி என்று கூப்பிட்டிருக்க வேண்டிய பெண்ணை நான் மோளே, மோளே என்று கூப்பிட்டிருக்கிறேன். நாற்பது நிமிடம் இரண்டு தமிழர்கள் எதிரெதிரே உட்கார்ந்து மலையாளம் பேசியிருக்கிறோம். அவள் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, திருத்தம் செய்யும் தேதி முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது, நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றாள். திருத்தத்துக்கான தாளை இலவசமாக அச்சடித்துக் கொடுத்தாள்.

பல்கலைக்கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே பிரிவு அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். எனக்கு மலையாளம் தெரியாது, எழுத்தே தெரியாது, பள்ளியில் படித்ததே இல்லை, தவறுதலாக அந்தக் கட்டம் அப்படி நிரப்பப்பட்டுவிட்டது, வயதான ஆள், தயவுசெய்து தமிழ் என்று மாற்றித்தாருங்கள். பாதியில் அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அப்போ சார் ஈ பறயுந்நதெந்தா?”

அப்படியானால் நீங்கள் இப்போது பேசிக்கொண்டிருப்பது என்ன என்று கேட்கிறார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மலையாளம் தெரியாது என்பதை நான் நல்ல மலையாளத்தில் கால் மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தேன். தமிழுக்கு மாற முயன்றேன். அந்த மேசைக்கு முன்னால் வாய் வரவில்லை. இரண்டு வாக்கியம் தமிழில் சொல்லி, மூன்றாவது வாக்கியத்தில் மறுபடி மலையாளத்தில் விழுந்தேன். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். கடைசியில் அதிகாரி, தன் கையில் எதுவும் இல்லை, கணினி பூட்டிவிட்டது, வேண்டுமானால் இதை ரத்து செய்துவிட்டு அடுத்த வருடம் புதிதாகச் சேருங்கள் என்றார். பிறகு, இவ்வளவு நன்றாகப் பேசுகிறவருக்கு எழுத்து ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று ஆறுதலும் சொன்னார்.

அடுத்த வருடம் என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். என் நான்கு வருடத்தில் ஒன்று போனால் மிச்சம் மூன்று, படிப்பும் மூன்று. இடையில் ஒரு தாள் தவறினாலும் கணக்கு உதைக்கும். ரத்து செய்யவில்லை.

மனைவியிடம் மலையாள எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். காலை ஆறு மணி முதல் எட்டு வரை. முதல் வாரத்தில் இருபத்திரண்டு எழுத்து. இரண்டாம் வாரம் பார்த்தால் அதில் ஒன்பது மறந்திருந்தது. எல்லாம் எனக்கு ஒரே மாதிரி சுருண்டு சுருண்டு தெரிந்தன. ஒற்றைக் கண்ணுக்கு அந்தச் சுருளில் எது எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. நான் எழுதியதை அவள் தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள்.

“இதென்னுங்க, முறுக்குப் புழிஞ்சு வெச்சிருக்கறீங்க. மில்லுல அத்தன வருசம் ஆளுகளுக்கு லேட்டுப் போட்டீங்க. இப்பப் பாருங்க, நீங்க எத்தன லேட்டுன்னு.”

எனக்குக் கோபம் வரும். நோட்டை மூடிவிட்டு எழுந்து போவேன். அவள் சமையலறையிலிருந்தே பாடத்தை உரக்கப் படிப்பாள். காதில் விழட்டும் என்று. அதில் ஒரு ரயில்வே கேட் காவல்காரரின் கதை இருந்தது. ரயில் நின்றுபோன பாதையில், யாரும் போகச் சொல்லாததால், அவர் தினமும் கேட்டை மூடித் திறந்துகொண்டிருப்பார். அதை அவள் இருபது தடவையாவது படித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அந்தக் கதையைப் பற்றி யாராவது கேட்டால் அரை மணி நேரம் நான் பேசுவேன். எழுதச் சொன்னால் ஒரு வரிக்கு நான்கு நிமிடம்.

இதற்கிடையில் ஆங்கிலம் அப்படியே கிடந்தது. ஞாயிறு வகுப்பு பாலக்காட்டில். ஒலியியல் நடத்திய ஆசிரியை இரண்டு ஒலிகளைச் சொல்லி வித்தியாசம் கேட்கிறதா என்றார். வகுப்பில் இருபத்துமூன்று பேர். இருபத்திரண்டு பேர் கேட்கிறது என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பழகலாம் என்று நினைத்தேன். வீட்டில் மலையாளம் காத்திருந்தது. மூன்று ஞாயிறு வகுப்புக்கே போகவில்லை. நான் எதற்காகச் சேர்ந்தேனோ அது மேசையின் ஒரு ஓரத்தில் நான்கு புத்தகமாக அடுக்கியிருந்தது.

தேர்வு வந்தது. ஆங்கிலத் தாள்களை ஓரளவு எழுதினேன். மலையாளத் தாளுக்கு நான்கு பேனா, இரண்டு கண்ணாடி, அனுமதியோடு ஒரு பூதக்கண்ணாடி. கேள்வித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கவே நாற்பது நிமிடம் ஆனது. படித்து முடித்ததும் எனக்கு வேர்த்தது. கேள்விகள் தெரியாததால் அல்ல. எல்லாம் தெரிந்திருந்தது. ஐந்தாவது கேள்வி அந்தக் காவல்காரரைப் பற்றியது: அவர் ஏன் கேட்டை மூடிக்கொண்டே இருந்தார்? பதில் முழுவதும் வாயில் இருந்தது. கை, ‘அவர்’ என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்கு வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா என்று நின்றது. மூன்று மணி நேரத்தில் இருபத்துமூன்று வரி எழுதினேன்.

விடைத்தாள் வாங்க வந்த மேற்பார்வையாளர் பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டு, பார்வைக் குறைவுக்குச் சான்றிதழ் இருந்தால் நீங்கள் சொல்லச் சொல்ல வேறு ஒருவர் எழுதலாமே, தெரியாதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அன்று பஸ்ஸில் வரும்போது பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக மனம் லேசாக இருந்தது. சொன்னால் போதும், எழுத வேண்டாம். நான்கு தாளையும் வாயாலேயே முடித்துவிடலாம்.

முடிவுகள் வந்தன. ஆங்கிலக் கவிதையில் ஐம்பத்தெட்டு. மலையாளத்தில் பதினொன்று, தேர்ச்சிக்கு வேண்டிய இருபத்துநான்குக்குப் பதிமூன்று குறைவு.

சான்றிதழுக்காக மனைவியோடு டாக்டரிடம் போனேன். அவர் என் முகத்தை அந்த யந்திரத்தில் பொருத்தி, பொத்தானை அழுத்த வைத்து, எல்லாச் சோதனையும் செய்தார். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணினேன். நாற்பத்தொன்றுக்குப் பிறகு, சில புள்ளிகளைத் தெரிந்தும் அழுத்தாமலே விட்டேன். சரியாக ஆறு. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். இரண்டாம் தடவை எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். வலது கண் போன தடவை இருந்தபடியே இருக்கிறது, ஒரு சொட்டுகூடத் தவறவிடாமல் போட்டதன் பலன். ஒரு கண் மட்டும் போனதற்கு அந்தச் சான்றிதழ் தர விதியில் இடமில்லை. இந்தக் கண்ணும் இன்னும் நன்றாகக் கெட வேண்டும்; கெடாது, கவலைப்படாதீர்கள்.

மனைவி அங்கேயே கைகூப்பினாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, “நல்ல சேதிதானுங்களே சொன்னாரு. அதுக்கு ஏனுங்க மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கறீங்க?” என்றாள். நான் பஸ் நேரத்தைக் கேட்டேன்.

மதியச் சொட்டு இரண்டு மணிக்கு. வீடு வந்து சேர்ந்தபோது இரண்டேகால். நாற்காலியில் உட்கார்ந்து மருந்துக் குப்பியைத் திறந்தேன். மறுதேர்வுக்கு நாற்பத்துநான்கு நாள். நாளைக்கு மூன்று வேளை வீதம் நூற்றுமுப்பத்திரண்டு சொட்டு. கண் இருந்தால் அந்தக் கவிதையைப் படிக்கலாம், பட்டம் வராது. கண் குறைந்தால் பட்டம் வரலாம், கவிதையை யாராவது படித்துக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன். குப்பி கையிலேயே இருந்தது.

மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தவள் வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. செம்பைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து குப்பியை வாங்கினாள்.

“தலையச் சாய்ங்க.”

சாய்த்தேன். இமையை விரலால் விலக்கி ஒரு சொட்டு விட்டாள். எரிந்தது. கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். குப்பியை அவள் என்னிடம் திருப்பித் தரவில்லை. அதைப் புடவை முந்தானையில் முடிந்துகொள்ளும் வளையல் சத்தம் கேட்டது. இனி மூன்று வேளையும் அவள்தான் விடுவாள் என்று புரிந்தது. மறுதேர்வில் நானேதான் எழுதியாக வேண்டும் என்பதும் புரிந்தது. மூடிய கண்ணுக்குள் அந்த எழுத்துகளில் எத்தனை நினைவிருக்கிறது என்று பார்த்தேன். பத்தொன்பது வந்தது. இருபதாவதற்கு வளைவு எந்தப் பக்கம் என்று அவளிடம் கேட்டேன்.