பரீதா அக்கா தன் பெயரில் எடுத்துக்கொண்ட வெட்கம்

பரீதா அக்கா மௌத்தாம். காலையில் அவருடைய மகள் மெசேஜ் போட்டிருக்கிறாள்... நான் பார்ப்பதற்குள் ஓட்டமாவடியில் அடக்கமும் முடிந்துவிட்டது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிட வெட்கம்.

சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த பாடசாலை முகாமுக்கு ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர் அவர். பெண்களுக்கு என்ன புரொஜெக்ட் செய்யலாம், நீங்களே ஐடியா சொல்லுங்கள் என்று எல்லோருக்கும் கலர் கார்டும் பேனையும் கொடுத்தார்கள்.

ஆண்கள்தான் சொன்னார்கள். கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள், பாய் பின்னுவது... பெண்கள் நாங்கள் வாயே திறக்கவில்லை.

என்னிடம் ஒரு ஐடியா இருந்தது. நிவாரணக் குவியலில் பொறுக்கிய, யாரோ ஒருவருடைய பெரிய சட்டை என் உடம்பில். உள்ளே போட உள்ளாடை எதுவுமில்லை. மாதவிலக்கு வேறு. கார்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு கிணற்றடியில் அக்காவின் காதில் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் அவர் ஆண்களைக் கூப்பிடவில்லை. சமையல் கொட்டிலில் எங்களோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

"முதல்ல வெக்கங்கெட்ட ஐடியா ஒண்டு நான் செல்றன். அதுக்குப் பொறகு நீங்க என்ன சென்னாலும் மரியாதையாத்தான் இரிக்கும். ஒரு கிழமையா உங்களோட நிக்கிறன்... மாத்திப் போட எனக்கு ஜங்கி இல்ல. வேற ஆருக்கெல்லாம் இல்ல?"

பொய். அவர் பின்னேரமானால் வீட்டுக்குப் போய் வருகிறவர்.

"சீ, இந்த மனிசி!" என்று யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். கடல் வந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

நாங்களே தைக்கலாம் என்றாள் ஒருத்தி. அக்கா விடவில்லை. "சரி, தைச்சாச்சி. கழுவி எங்க காயப்போடுற? ஆம்புளயள் நடக்கிற வழியிலயா?"

அந்தக் கேள்வியில்தான் கிடுகு வேலி வந்தது. வேலிக்குள்ளே குளிக்க இடம், போகும் வழிக்கு ஒரு லைட், ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி... ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தி சொன்னது. அதுதான் கடைசியில் புரொஜெக்ட்.

அதற்குப் பிறகு எல்லாப் பயிற்சியிலும் அவர் இந்தக் கதையைச் சொல்வார். எப்போதும் "எனக்குத்தான் இல்ல" என்றுதான். ஒபிஸ் ஆண்கள் அவருக்கு 'ஜங்கி மிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு நானும் அதே ஒபிஸில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பெயரைச் சொல்லி அவர்கள் சிரிக்கும்போது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யுத்தம் முடிந்த கையோடு வவுணதீவுப் பக்கம் ஒரு கூட்டம். மீள்குடியேறிய பெண்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அந்தக் கதைய நீ செல்றியா, புள்ள?"

நான் தலை குனிந்தேன்.

அவரே சொன்னார். "எனக்குத்தான்..." என்று. பின்னால் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்டேன். "உனக்கென்ன பைத்தியமா? நான் புள்ள பெத்து வளத்தவள், எனக்கு என்ன கொறஞ்சி போச்சி? நீ கலியாணம் முடிக்க இரிக்கிற புள்ள."

கலியாணமும் முடித்தேன். பிள்ளைகளும் பிறந்தார்கள். அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லையே... அதற்கு என்ன சாட்டுச் சொல்வது?

இன்று பழைய ஒபிஸ் குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார், "எங்கட ஜங்கி மிஸ் போயிட்டா" என்று. கீழே சிரிக்கிற முகங்கள். அன்பாகத்தான் போட்டிருப்பார்கள்.

அண்ணன்மாரே, அன்றைக்கு உள்ளே உடுப்பில்லாமல் இருந்தது அவர் இல்லை. நான்.

நிம்மதியாப் படுங்க அக்கா... இனி அந்தக் கதைய நானே சொல்றன்.