ஒரு மில்லிமீட்டர்

கல்யாணமான இரண்டாம் வருடம் நானும் கணவரும் ஒரு பழைய டீசல் கார் வாங்கினோம். மறுவருடம் அவர் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அபிராமத்திலிருந்து நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதை நான்தான் ஓட்டிப் போய் வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏர்வாடி போய்த் திரும்பும்போது ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. சூட்டைக் காட்டும் முள்ளை நான் பார்க்கவில்லை. உப்பளம் தாண்டி வண்டி நின்றேவிட்டது.

ராமநாதபுரத்தில் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து, பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பினார். பட்டறைக்காரர் என்னையே வரச் சொன்னார். நான்கு சிலிண்டர்களையும் அளந்துவிட்டு, மூன்றாவதில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். நகம் ஒரு கோட்டில் மாட்டியது.

"பிஸ்டன் உரசிக் கீறியிருக்கு டீச்சர். போரை, அதான் பிஸ்டன் ஓடுற இந்த ஓட்டையைப் பெருசாக்கி, அதுக்கேத்த பெரிய பிஸ்டன் போடணும். அரை மில்லிமீட்டர் வெட்டுனா கோடு முழுசா மறையாது. ஒரு மில்லிமீட்டர் வெட்டுனா சுத்தமாயிரும். ஆனா அதுதான் கடைசி சைஸு. அடுத்து தேஞ்சா உள்ளுக்குள்ள புதுக் குழாயா ஸ்லீவ்தான் இறக்கணும்."

அங்கிருந்தே கணவருக்கு வீடியோ கால் போட்டேன்.

"அரையே போதும்னு சொல்லு," என்றார்.

"கோடு மறையாதாம்."

"கிடந்துட்டுப் போகுது. கொஞ்சம் ஆயில் குடிக்கும், புகை வரும், அவ்வளவுதானே? நான் வந்து ஓட்டுறப்ப இன்னொரு வாட்டி வெட்ட இடம் வேணும்ல."

"மொத்தமா எப்ப வாரீக?"

அவர் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பாப்போம். இன்னும் ஒரு நாலஞ்சு வருசம்," என்றார்.

போன முறை கேட்டபோதும் நாலஞ்சு வருசம்தான். எங்கள் மாடி அறை இன்னும் பூசாமல் கிடக்கிறது, அவர் வந்ததும் பூசலாம் என்று. இப்போது எஞ்சினிலும் அவருக்காக இரும்பை மிச்சம் வைக்க வேண்டும். அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்துட்டுத்தான் நான் வெட்டுவேன். எது ஆர்டர் போடட்டும் டீச்சர்?" என்றார் பட்டறைக்காரர்.

"ஒரு மில்லிமீட்டரே போடுங்கண்ணே. வண்டி இப்ப ஓடணும்."

ஓடியது. புது பிஸ்டன் பழகும்வரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். மாட்டு வண்டிக்குப் பின்னால்கூடப் பொறுமையாகப் போனேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மாத லீவில் அவர் வந்தார். அலையாத்திக் காடு பார்க்க இருவரும் காரங்காட்டுக்குப் போனோம். அவர்தான் ஓட்டினார். வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஒரு மில்லிமீட்டர்தானே போட்ட?"

"ஆமா."

"நல்லா இழுக்குது," என்றவர், கொஞ்ச தூரம் போனதும் கியரிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஊர் வரும்வரை விடவில்லை. இங்கேயே இருந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, வளைவு வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

லீவு முடிந்து மதுரை விமான நிலையம் வரை அவரே ஓட்டி வந்தார். அவர் உள்ளே போனபின் நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். கிளட்ச் எட்டவில்லை. அவர் காலுக்கு ஏற்றபடி சீட் பின்னால் தள்ளிக் கிடந்தது. அதை முன்னால் இழுக்க மனம் வரவில்லை. நுனியில் உட்கார்ந்தபடியே அபிராமம் வரை ஓட்டி வந்தேன்.