மோதிர விரலைப் பிடித்த கை

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், பெயரில் மட்டும்தான் நான் சாந்தி. அம்பத்தூரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருகிறேன். எதிரே லாரி வந்தால் “முருகா” என்று கண்ணை மூடிக்கொள்கிற பெண்களைப் பின்சீட்டில் உட்கார்ந்து அதட்டி அதட்டியே என் தொண்டை இப்படி ஆகிவிட்டது. முருகன் வந்து பிரேக் பிடிக்க மாட்டான், நீதான் பிடிக்க வேண்டும் என்பதுதான் என்னிடம் முதல் பாடம். கோயிலுக்குப் போவேன், பொங்கல் நன்றாக இருந்தால் இன்னொரு தடவையும் கை நீட்டுவேன், எனக்கும் சாமிக்கும் அவ்வளவுதான் பழக்கம். குறி, அருள்வாக்கு, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மழை பிடித்தால் என் தொழிலுக்கு லீவு. அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கணவரையும் மகனையும் ஒரு குண்டான் தோசை மாவோடு விட்டுவிட்டு, திருவண்ணாமலைக்குத் தங்கை உமா வீட்டுக்குப் போய்விட்டேன். நாங்கள் இருவரும் கீழ்பென்னாத்தூரில் பிறந்தவர்கள். அவளை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அவள் கணவன் பிரபு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், ஆனால் அம்மா எதிரில் வாயில் கொழுக்கட்டை.

சாத்தனூர் அணைக்குப் போகலாம், மலையில் கொஞ்ச தூரம் ஏறலாம், பெரிய கோயிலை நிதானமாகச் சுற்றலாம் என்று என்னென்னவோ திட்டம். மழை ஒன்றுக்கும் விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் மலையையே காணோம், அந்த இடத்தில் வெறும் வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் போய்விட்டது. தாயம் ஆடினோம், சண்டை போட்டோம், வாழைக்காய் பஜ்ஜி போட்டோம், மறுபடி தாயம் ஆடினோம். துணி காயாமல் வீடு முழுக்க ஒரு ஈர வாசனை. உமாவோடு அப்படிக் கிடந்ததே எனக்குப் போதும், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அதைக் கெடுத்தது அவள் மாமியார்.

உமாவுக்கு இரண்டு முறை கரு தங்கியது, இரண்டு முறையும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இனி கஷ்டம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று உமா ஒருநாள் பயந்து பயந்து கேட்டிருக்கிறாள், “யார் பெத்ததோ, என்ன ஜாதியோ” என்று மாமியார் அந்தப் பேச்சையே அன்றோடு மூடிவிட்டார். இத்தனைக்கும் ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எதற்கெடுத்தாலும் பழமொழி சொல்கிற மனுஷி. அதற்குப் பதில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் உமாவை இடுக்குப் பிள்ளையாருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இடுக்குப் பிள்ளையார் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிரிவலப் பாதையில் இருக்கிறது, ஒரு சின்ன அறை அளவுக்குத்தான் கல் கட்டடம். பின்பக்க ஓட்டையில் படுத்து நுழைந்து, உள்ளே ஒன்றுக்கொன்று நேராக இல்லாத இடுக்குகளில் நெளிந்து ஊர்ந்து, முன்பக்கம் வெளியே வர வேண்டும். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும், இடுப்பு வலி போகும் என்பார்கள். பௌர்ணமியில் பெரிய வரிசை நிற்கும். முன்னால் வெளியே வந்தவர் திரும்பி, பின்னால் வருகிறவருக்குக் கை கொடுத்து இழுத்துவிட்டுப் போவார். யார் கை என்று யாரும் பார்ப்பதில்லை, அது அங்கே வழக்கம்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மாமியார் உமாவைப் பார்த்துச் சொன்னார். “மழையில கூட்டமே இருக்காது. சும்மாத்தானே குந்திக்கினு இருக்கீங்க, ஆட்டோல போயிட்டு ஒரு தடவ உள்ள பூந்துட்டு வந்துடும்மா.”

உமா எழுந்து புடவை மாற்றப் போனாள். அவள் முழங்கையைப் பார்த்தேன், கல்லில் தேய்ந்து தேய்ந்து தோல் கறுத்துப் போயிருந்தது.

“எத்தினி தடவதான் அத்தை அவ ஊர்றது?” என்றேன்.

“இதான் கடைசி. இதுலயும் இல்லன்னா நான் வேற ஏற்பாடுதான் பாக்கணும். போளூர் பக்கம் பிரபுவுக்கு ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்க. நான் மறைச்சுப் பேச மாட்டேம்மா, எங்களுக்கு ஒத்தைப் புள்ள.”

பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் உமா கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள், அந்தக் கை அப்படியே நின்றது. பிரபு கடைக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தாலும் கொழுக்கட்டைதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம், “அவ ஊர மாட்டா, நான் ஊர்றேன்” என்றேன்.

“உனக்கு இன்னாத்துக்கும்மா? உனக்குத்தான் ஆம்பளப் புள்ள இருக்குதே.”

“உள்ள கல்லும் தண்ணியும்தான் இருக்குதுன்னு உங்களுக்குக் காட்டத்தான்.”

போனோம். மாமியார் தார்ப்பாய் இழுத்துவிட்ட ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். பாதையில் ஈ காக்கை இல்லை, பூக்கடைக்காரர்கூட மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். உமா குடையோடு முன்வாசலில் போய் நின்றாள். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதன் மேல் மழை விழுகிற சத்தத்தில் நாங்கள் பேசியதே எங்களுக்குக் கேட்கவில்லை.

நான் பின்பக்கம் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படுத்து நுழைந்தேன். என் உடம்பைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், நான் ஒன்றும் ஒடிசல் இல்லை. என்னைவிடக் குண்டானவர்கள் எல்லாம் சுலபமாக வந்துவிடுவார்கள், ஒரு தோளை முன்னால் விட்டு ஒருக்களித்து வர வேண்டும், அதுதான் சூட்சுமம். யாரிடமாவது கேட்டுக்கொண்டு நுழைந்திருக்கலாம். நான் யார், சாந்தி ஆயிற்றே! இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நேராகப் போனேன், நடு இடுக்கில் இரண்டு தோளும் கப்பென்று பிடித்துக்கொண்டன.

முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மழையில் ஊறிய கல் சில்லென்று இருந்தது, வயிற்றுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது, மூச்சு இழுத்தால் நெஞ்சு கல்லில் இடிக்கிறது. “உமா!” என்று கத்தினேன், என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. பயந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இப்படியே செத்தால் அந்த அம்மா சாமிக்குத்தம் என்று ஊரெல்லாம் சொல்லுமே, உமாவை இன்னும் நாலு தடவை ஊரவிடுமே என்றுதான் அந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம்.

அப்போது ஒரு கை என் மோதிர விரலைப் பிடித்தது.

சின்னக் கை. என் கையை முழுசாகப் பிடிக்க அதற்கு அளவு பற்றவில்லை, அதனால் மோதிரம் போட்ட அந்த ஒரு விரலை மட்டும் உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டது. அத்தனை ஈரத்திலும் அந்தக் கை காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுத்தது. அப்புறம் காதுக்குப் பக்கத்தில், அவ்வளவு மழைச் சத்தத்திலும் தெளிவாக, கொஞ்சம் சலிப்போடு ஒரு குரல் சொன்னது:

“தோள திருப்பு பெரிம்மா.”

திருப்பினேன். வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன்.

எதிரே உமா குடையோடு நின்றாள். வேறு யாரும் இல்லை. நான் எழுந்துகூட நிற்காமல், “இங்க ஏதாவது கொழந்த நின்னுச்சா?” என்று கேட்டுவிட்டேன். குழந்தை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இல்லியேக்கா. நான் மட்டும்தான் நிக்கிறேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

விட்டேனா? செல்போன் டார்ச்சைப் போட்டு, குனிந்து அந்த ஓட்டைக்குள் பார்த்தேன். கல், தண்ணீர், ஒரு நசுங்கிய எலுமிச்சம்பழம். பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். சேற்றில் என் கால் தடம் மட்டும்தான். மூச்சு முட்டினால் மூளை ஏதாவது காட்டும், கேட்கவும் வைக்கும், எனக்கும் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம். ஆனால் என் மூளை ஏன் ‘பெரிம்மா’ என்று கூப்பிட வேண்டும்? எனக்கு இருப்பது ஒரே தங்கை. என் கணவருக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட அன்றைக்கு உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

உமாவிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? ஏற்கெனவே நம்பி நம்பித் தேய்ந்து போனவள். பொய் நம்பிக்கையை நானும் ஒரு கரண்டி ஊற்றவா? மாட்டிக்கொண்டதையும் சொல்லவில்லை, அது என் வீம்பு.

ஆட்டோவில் ஏறியதும் மாமியார் கேட்டார். “இன்னா, சுலபமா வந்துட்டியா?”

“சர்ருனு வந்துட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல” என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் அதுபாட்டுக்கு மேலே பேசியது. “உங்களுக்குப் பேரப்புள்ள வரும் அத்தை. ஆனா உமா வயித்துல இருந்து வராது. இனிமே அவள அந்தக் கல்லுல தேய்க்காதீங்க.”

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மாமியார் வீடு வரும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிரபு கடையைச் சாத்திக்கொண்டு வந்ததும், காபி டம்ளரைக்கூடக் கையில் வாங்கவிடாமல் பிடித்துக்கொண்டேன். “போளூர் பொண்ணு விஷயம் உனக்குத் தெரியுமா தெரியாதா?” அவன் அம்மாவைப் பார்த்தான், உமாவைப் பார்த்தான். உமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுக்கட்டை கடைசியில் உள்ளே இறங்கியது.

“அம்மா, நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். நாங்க தத்து எடுத்துக்கறோம். உனக்குப் புடிக்கலன்னா நாங்க தனியாப் போயிடறோம்.”

உமா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், கோபக்காரிகள் அழ மாட்டார்கள் என்று யார் சொன்னது?

அப்புறம் மனு, விசாரணை, காத்திருப்பு என்று நாயாய் அலைந்தார்கள். கடைசியில் வந்தாள் நிலா, பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை. நான் இடுக்கில் மாட்டிய அன்று அவள் பிறக்கவே இல்லை, அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாமியாரைப் பார்க்க வேண்டுமே! “எம் பேத்தி, அந்தப் புள்ளையாரே குடுத்தது” என்று தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு திரிகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளையாரா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்? என் தங்கை ஏறி இறங்கினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். மூச்சுத் திணறலில் வந்த பிரமை என்று நானே மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று.

போன தீபாவளி லீவுக்கும் போயிருந்தேன். அதே மழை, அதே ஈர வாசனை, மலையைக் காணோம். நிலாவுக்கு இப்போது நாலு வயசு. நானும் அவளும் கூடத்தில் பந்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்தோம். பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அது பழைய இரும்புக் கட்டில், கீழே இரண்டு டிரங்குப் பெட்டி. எடுக்கிறேன் பேர்வழி என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நுழைந்தேன். எனக்குப் புத்தி எப்போது வந்தது? தோள் இரண்டும் மாட்டிக்கொண்டன.

நிலா அந்தப் பக்கமாக ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டாள். கையை நீட்டினாள். என் மோதிர விரலை மட்டும் உள்ளங்கையில் வைத்து இறுக்கி, ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுத்தாள்.

“தோள திருப்பு பெரிம்மா.”

அதே சூடு, அதே சலிப்பு. திருப்பினேன், வெளியே வந்தேன். தரையில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தேன். அவள் பந்தை எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கும் நீ இப்படித்தான் மாட்டிக்கின.”

அடுப்படிக்குப் போனேன். உமா பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். “இடுக்குப் பிள்ளையார்ல நான் மாட்டிக்கினத இவகிட்ட நீ சொன்னியா?”

உமா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “நீ மாட்டிக்கினியா? சர்ருனு வந்துட்டேன்னுதானேக்கா சொன்ன?”

கூடத்தில் நிலா பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் யாருக்கும் பயப்படாதவள், யாரையும் எதிரே நிற்க வைத்துக் கேட்டுவிடுகிறவள். எந்த அன்னிக்கு என்று அந்தக் குழந்தையிடம் மட்டும் இன்னும் நான் கேட்கவில்லை.