கண்ணாடியில் விட்ட ஒரிஜினல்

என் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம். அரசு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துகிறவளுக்கு வேறு எங்கே இருக்கும்? வருகிறவர்கள் எல்லோருக்கும் தலைபோகிற அவசரம். மெஷின் மூடியைத் தூக்கிக் கண்ணாடிமேல் கிடக்கும் ஒரிஜினலை அவள் எடுப்பதற்குள், காப்பியை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அக்கா தெருமுனை வரை துரத்திப் போய்க் கொடுத்துவிட்டு வந்து, அரை மணி நேரம் என்னைத் திட்டுவாள். நான் பக்கத்து மேஜையில் டைப் அடிக்கிற தங்கச்சி. அவர்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் திட்டு எனக்குத்தான்.

வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஓதுவது ஒரே மந்திரம். "எதுக்கும் நாலு காப்பி எடுத்து நாலு எடத்துல வைங்க. ஆனா ஒரிஜினல் பத்திரம். அது இல்லாம போனீங்கன்னா திருப்பி அனுப்பிடுவாங்க." கூடவே ஒரு பெருமை: பதினோரு வருஷத்தில் அவள் கடையில் ஒரு ஒரிஜினல்கூடத் தொலைந்ததில்லையாம். இந்தப் பெருமையை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பள்ளி விட்டு வந்து என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைகிற அவள் மகளும் கேட்டிருக்கிறாள்.

மகளுக்கு வயது ஆறு. வாய் ஓயாது என்பதால் சில்வண்டு என்று கூப்பிடுகிறோம். ஐந்து மாதக் குழந்தையாகத் தத்து வந்தவள். அதை அவளிடம் மறைப்பதில்லை என்று அக்காவும் மாமாவும் முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே கதை மாதிரி இயல்பாகச் சொல்லுங்கள் என்று காப்பக அம்மா ஒருவர் அறிவுரை சொன்னார். சொல்வது சுலபம். அந்தக் கதையை மருந்துக்கடை வரிசையிலும், நெரிசலான பேருந்திலும், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லும்போதும் உரத்த குரலில் கேட்பாள் என்று அவர் சொல்லவில்லை.

வேறொரு அம்மாவின் வயிற்றில் பிறந்தாள், அந்த அம்மாவால் வளர்க்க முடியவில்லை, காப்பகத்தில் பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது, அவளைத் தூக்கிவந்த அந்த நாள். காப்பகத்திலிருந்து ஃபோன் வந்தபோது அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்? அக்கா எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "ஒண்ணும் பண்ணல. ஃபோன் வந்துச்சு, வந்தோம், தூக்கினோம்." அதோடு விடுகிற பிள்ளையா அது?

போன ஞாயிற்றுக்கிழமை வினை ஆரம்பித்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது சில்வண்டு வந்து, நான் உங்கள் சொந்தப் பெண் இல்லை என்று வகுப்பில் ஒருத்தி சொல்கிறாளே, சரியா என்று கேட்டாள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பீரோவைத் திறந்து நீதிமன்றத்தின் தத்து உத்தரவை எடுத்து நீட்டினாள். "இந்தா, நீதிபதி கையெழுத்து, சீல். நீ எங்க பொண்ணுன்னு எழுதியிருக்கு. இனிமே எவளாவது கேட்டா பேப்பர் இருக்குன்னு சொல்லு."

வேறு வீடாக இருந்தால் குழந்தை சீலைத் தடவிப் பார்த்துவிட்டு விளையாடப் போயிருக்கும். இது ஜெராக்ஸ்காரி வீடு.

வியாழக்கிழமை சர்க்கரை டப்பாவில் ஒரு காப்பி கிடைத்தது. லிஃப்ட் மெக்கானிக்கான மாமா, காலையிலிருந்து ஷூவில் என்னவோ குத்துகிறது என்று கழற்றிப் பார்த்தால் அங்கே ஒன்று. என் கைப்பையில் ஒன்று. மத்தியானம் டீச்சர் ஃபோன் செய்தார். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்து, தொலைத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாளாம். ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டாளே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் அக்காவுக்கு உறைத்தது, ஒரிஜினல் எங்கே? பீரோவில் உறை மட்டும் இருந்தது. பள்ளியிலிருந்து வந்தவளைக் கேட்டால், புதன்கிழமை நான் ஃபோனில் இருந்தபோது மெஷினில் வைத்தாளாம். எடுத்தாளா? மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்து போனார்களோ, யாருடைய காகிதத்தோடு போனதோ. இரண்டு மணி நேரம் தேடினோம். அக்கா அந்த மூடியைப் பத்துத் தடவை தூக்கிப் பார்த்தாள், பத்தாவது தடவை வந்துவிடும் என்பது போல.

சில்வண்டின் சத்தமே இல்லை. கடைக்கு மேலேதான் வீடு. கொஞ்ச நேரத்தில் ஷூ போட்டுக்கொண்டு, பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். பையில் புத்தகம் இல்லை. இரண்டு கவுனும் பல் துலக்கும் பிரஷும் இருந்தன.

"எங்கடி கிளம்பிட்டே?" என்றாள் அக்கா.

"ஒரிஜினல் இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு நீதானே சொல்லுவே."

அக்கா கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"யாரு அனுப்புவா? வரச் சொல்லு, நான் பாத்துக்கறேன். அஞ்சரை வருஷமா தலை பின்னி, சோறு ஊட்டி, நீ கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி என் தொண்டையே போச்சு. ஒரு பேப்பர் காணோம்னு உன்னை விட்டுடுவேனா? பேப்பர் போனா எழுதிக் கொடுத்து இன்னொண்ணு வாங்கிக்கலாம். உன்னை மாதிரி இன்னொண்ணுக்கு நான் எங்கடி போவேன்?"

சில்வண்டு யோசித்தாள். பையை இறக்கவில்லை. "நீ யாரோடதையும் தொலைச்சதே இல்லையே. நான் தொலைச்சிட்டேனே."

அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு மெஷினைப் பார்த்தாள். "ஒரு தடவை நானும் தொலைச்சிருக்கேன்" என்றாள்.

நான் நிமிர்ந்தேன். குழந்தை வந்த சமயம் நான் வேறு ஊரில் இருந்தேன், எனக்கே இது தெரியாது. யாரோ ஒருவருடைய மதிப்பெண் சான்றிதழைக் கண்ணாடியில் வைத்திருந்தபோதுதான் காப்பகத்திலிருந்து ஃபோன் வந்ததாம். மூடியைக்கூடத் தூக்காமல், கடையைத் திறந்து போட்டுவிட்டு, செருப்பை ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது சான்றிதழைக் காணோம்.

"அவரு திட்டினாரா?"

"மறுநாள் வந்து தெருவே கேக்கற மாதிரி திட்டினாரு."

"நீ என்ன சொன்னே?"

அக்கா அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். "பொண்ணு வந்திருக்கான்னு சொன்னேன்."

ஒரிஜினல் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. ஒருவருடைய வாடகைப் பத்திரத்துக்கு நடுவே போயிருந்தது. அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. சில்வண்டு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. கடை வாசலில் காத்திருந்த ஏழு பேரிடமும் அம்மா ஒருவருடைய ஒரிஜினலைத் தொலைத்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் பதினோரு வருஷப் பெருமையை நினைத்து வரிசையே சிரித்தது. வாயை மூடு என்று அக்கா உள்ளேயிருந்து பல்லைக் கடித்தாள்.

"எனக்காகத்தான் தொலைச்சாங்க" என்று எட்டாவதாக வந்தவரிடம் அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.