வெள்ளைச் சுவரும் இறகுப்பந்தும்

கல்யாணத்துக்குப் பிறகு நான் மட்டையைத் தொடவே இல்லை. பள்ளியில் இறகுப்பந்து ஆடியவள்தான். ஆனால் அறுபதுகளின் விருத்தாசலத்தில் ஒரு பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டவெளியில் குதித்தால், ஊர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். அதனால் பீங்கான் தொழிற்பேட்டையில் கோப்பை உலர்த்தும் ஓட்டுக் கொட்டகை ஒன்று காலியானதும், அதை விளையாட்டுக் கூடமாக்கலாம் என்று கணவரை நச்சரித்தேன். நாலு சுவர் இருந்தால் நானும் ஆடலாமே.

எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவருடையது கொட்டகை. "அறுவடை வரைக்கும் வெச்சிக்குங்க. கூட்டம் வந்தா பாக்கலாம். இல்லன்னா மல்லாட்டை மூட்டைய அடுக்கிடுவேன்" என்றார்.

மூலையில் கேரம் பலகை, எதிர்ப்பக்கம் டேபிள் டென்னிஸ் மேசை, நடுவில் இறகுப்பந்துக் களம் என்று இடம் பிரித்தேன். மதியம் முழுக்கப் பெண்களுக்கு. வலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் ரப்பர் வளையம் எறிந்து பிடிக்கும் ஆட்டமும் ஆடலாம்.

சுவர் கணவர் பொறுப்பு. பீங்கான் ஆலையில் ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் கோப்பையைக் கழித்துப் போடுகிற வேலை அவருக்கு. சும்மா விடுவாரா? சுண்ணாம்பை மேலே மேலே பூசிக் கண் கூச வைத்துவிட்டார். நானும் பெருமையாகத்தான் பார்த்தேன்.

திறப்பு விழா ஆட்டத்துக்கு வேப்பூரிலிருந்து ஓர் அணி பஸ் ஏறி வந்தது. முன்வரிசையில் மண்டிக்காரர். முதல் பந்து எழும்பியது, அவ்வளவுதான். வெள்ளைப் பந்து வெள்ளைச் சுவரில் காணாமல் போய்விட்டது. இரண்டு பக்கமும் காற்றை வீசி வீசி அடித்தார்கள். ஒருவர் தலையிலேயே பந்து வந்து உட்கார்ந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"வெள்ளையா இருந்தாத்தானே சுத்தமா தெரியும்" என்றார் கணவர் பரிதாபமாக.

"இது செவுருங்க, கோப்பை இல்ல" என்றேன்.

அதற்குள் மண்டிக்காரர் எழுந்து வெளியே போனார். போச்சு, இனி மூட்டைதான் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. வண்டி நிறைய வெறும் சாக்கு.

"ஆட்டத்த பாக்கணும்ல? செவுத்துல தொங்க வுடுங்க" என்றார்.

வேப்பூர்க்காரர்களும் சேர்ந்து கயிறு கட்டினார்கள். பழுப்புச் சாக்குக்கு முன்னால் பந்து பளிச்சென்று தெரிந்தது. சாக்குத் தூசியில் தும்மிக்கொண்டே ஆடினார்கள். எங்கள் ஊர் தோற்றது. ஒருத்தரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சாக்கை எப்போது திருப்பித் தரவேண்டும் என்று மண்டிக்காரரைக் கேட்டேன்.

"இங்கியே கெடக்கட்டும். மல்லாட்டைய வேற எடத்துல போட்டுக்கறேன்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "மதியம் பொம்பளைங்களுக்குன்னு சொன்னீங்களே, எங்க வூட்லயும் வரேன்னாங்க. ஸ்கூல்ல நல்லா ஆடுவாங்களாம். சாக்கு எடுக்கப் போனப்பதான் சொன்னாங்க. இத்தினி வருசமா எனக்குத் தெரியாது."

மறுநாள் மதியம் அந்த அம்மாள் முதல் ஆட்டத்திலேயே என்னைத் தோற்கடித்தார். தோற்றதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.