ஞாயிற்றுக்கிழமை என்று சொன்ன கோர்ட்டு

எழுபதுகளின் கடைசியில் விவாகரத்து வழக்கு போட்டுவிட்டு, ஐந்து வயது மகளோடு பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். செங்கல்பட்டு கோர்ட்டு முதலில் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது. வழக்கு முடியும்வரை குழந்தை என்னிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அப்பா அழைத்துப்போய் இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்று தெருவே பேசியது. நானும் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். என் வக்கீல் தலையில் குட்டாத குறைதான்.

"இது தீர்ப்பு இல்லம்மா. அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு. இப்ப நீங்க ரெண்டு பேரும் எப்படி நடந்துக்கிறீங்களோ, அதைப் பாத்துத்தான் தீர்ப்பு."

அடுத்தடுத்த ஞாயிறுகளில் என் வீட்டுக்காரர் வரவே இல்லை. அண்ணனுக்கு ஒரே குஷி. பெண் மேல் அக்கறையில்லாத ஆள் என்று கோர்ட்டில் சொல்லிவிடலாமாம். எனக்குத்தான் உள்ளே குத்தியது. நெசவுக்காரர்களுக்கு ஞாயிறு ஏது? அமாவாசைக்குத்தான் தறி நிற்கும். அவர் ஓட்டுவதோ முதலாளியின் தறி. "ஞாயிறு சரிதானே?" என்று ஜட்ஜ் கேட்டபோது "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு வந்த மகானுபாவர் அவர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அவர் அம்மா என்னைக் கண்டபடி ஏசும்போதும் அப்படித்தான் இருந்தார்.

அமாவாசையன்று காலையில் தலைமுழுகி, வேட்டி மாற்றி வந்து நின்றார். அண்ணன் வழி மறித்தார்.

"இன்னிக்கு இன்னா ஞாயித்துக்கெழமையா? உத்தரவுல இல்லியே."

"தறி ஓடிக்கினு இருக்கும்போது எப்படி வர்றது மச்சான்? இன்னிக்குத்தான் லீவு."

மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அனுப்பாவிட்டால் சட்டம் என் பக்கம். அனுப்பி, அவர் அம்மா பிள்ளையைத் திருப்பித் தராவிட்டால்? ஆனாலும் அனுப்பினேன்.

"கையில இருந்த புள்ளைய நீயே தூக்கிக் குடுத்துட்டியேமா" என்று அண்ணன் அன்று முழுக்கப் புலம்பினார். நான் வாசல் திண்ணையை விட்டு நகரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் மகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அனுப்பினேன். இரண்டு பேரும் சம்மதித்து மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவை மாற்றிக்கொள்ளலாம் என்றார் என் வக்கீல்.

மனு போடுவதற்குள் வாய்தா வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் குழந்தையைக் காட்டவில்லை, அதனால் குழந்தையை அப்பாவிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அவருடைய வக்கீல் ஒரே போடாகப் போட்டார். "அப்படியா?" என்று ஜட்ஜ் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். தலையாட்டிவிடுவார், என் பிள்ளை போனது என்றே நினைத்தேன்.

"இல்லீங்க ஐயா. ஞாயித்துக்கெழம நான்தான் போவல. அமாவாசைக்குப் போனேன். உத்தரவு இல்லாமலே அனுப்பிச்சாங்க."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"புள்ள அவங்க கிட்டயே இருக்கட்டுங்க. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க."

மகள் என்னிடமே இருந்தாள். அந்தச் சந்தோஷத்தோடு ஒரு கோபமும் வந்தது, இன்னும் தீரவில்லை. இப்படி ஒருநாள், ஒரே ஒருநாள், அவர் அம்மா எதிரில் எழுந்து நின்று பேசியிருந்தால் நான் கோர்ட்டுப் படியே ஏறியிருக்க மாட்டேன்.