இயற்கைப் பெருக்கம்

ஜெபகனிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். சாயர்புரத்தில் அவளோடு படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். சென்னையில் சர்வதேச அரசியல் எம்.ஏ. படித்த பதினான்கு பேருக்கு அது 1974 பிப்ரவரியில்தான் தெரிந்தது.

அதற்கு முந்தைய மாதம் டெல்லியும் கொழும்பும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் தமிழர்களை ஆளுக்கு எழுபத்தைந்தாயிரம் என்று பிரித்துக்கொள்வதாக முடிவு.

"பத்து வருஷச் சிக்கல். நேர் பாதியாக்கி முடித்துவிட்டார்கள். இதுதான் ராஜதந்திரம்" என்று சொல்லிப் பேராசிரியர் பலகையில் ஒரு கோடு கிழித்தார். இரண்டு பக்கமும் எண்ணை எழுதினார்.

ஜெபகனி எழுந்து நின்றாள். "யாரு எந்தப் பாதின்னு அவங்கள யாராவது கேட்டாங்களா சார்?"

"சர்வதேச அரசியலில் கணக்கில் வருவது அரசுதான் அம்மா, ஆள் இல்லை. முதல் வாரப் பாடம்."

வகுப்பு சிரித்தது. "அப்ப அந்தப் பாடம் தப்பு சார்" என்று அவள் சொன்னது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பேராசிரியருக்கும் கேட்டது. அவர் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார்.

மே மாதம் விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்தாள். அவளுடைய அப்பா எபனேசருக்குப் பழைய துறைமுகத்தை ஒட்டி ஒரு கடை. கொழும்புக்குப் போகிற தோணிக்காரர்களுக்குக் கயிறும் அரிசியும் கருப்பட்டியும் விற்பார். ஒரு நாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்பளத்தில் வேலை என்று பாதத்தைப் பார்த்ததும் தெரிந்தது. உப்புத் தண்ணீர் தின்று, விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்துக் கிடந்தது.

"ஏளா கனி, இங்கன வா" என்றார் எபனேசர். "நீதான் இந்தப் படிப்பு படிக்கியே. இவ பேரு பேச்சித்தாய். சிலோன்லருந்து வந்தவ, மாப்பிள்ளையூரணிப் பக்கம் இருக்கா. ஒரு காயிதத்தத் தூக்கிக்கிட்டு மூணு மாசமா வாரா. எனக்கு ஒரு எழவும் வெளங்கல."

காகிதம் பாலித்தீன் பைக்குள் பத்திரமாக இருந்தது. அக்கரையிலிருந்து ஏதோ ஓர் அலுவலகம் அனுப்பிய நான்கு வரி ஆங்கிலம். படித்துவிட்டு ஜெபகனி கேட்டாள், "செல்லக்கிளி யாருக்கா?"

"எம் மூத்த மவம்மா. அவளுக்குக் கீழ ரெண்டு பயலுக. நாங்க இந்தியாவுக்கு எழுதிப் போட்டப்ப அவளுக்குப் பதினெட்டு தாண்டிருச்சு. தனியா ஒரு மனுப் பாரம் போடணும்னாங்க. தோட்டத்துக் கிளார்க்குதான் எழுதினாரு. அவளுக்கு மட்டும் சிலோன்னு எழுதிட்டாரு. எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? கப்பல் ஏறுற அன்னிக்குத்தான் தெரியும், அவ பேரு பட்டியல்ல இல்லன்னு."

"கெடு முடிஞ்சிருச்சு, இனி மாத்த வழியில்லன்னு எழுதியிருக்காங்க."

பேச்சித்தாய் தலையை ஆட்டினாள். இதை அவள் ஏற்கெனவே ஊகித்திருக்க வேண்டும். "ஒப்பந்தத்துல எங்களப் பத்தி என்னதான் எழுதியிருக்கு? நீங்க படிச்சிருப்பீங்கல்ல?"

ஜெபகனி படித்திருந்தாள். அறுபத்து நான்கில் போட்ட முதல் ஒப்பந்தத்தின் நகல் அவள் நோட்டிலேயே இருந்தது. ஐந்தே கால் லட்சம் பேர், 'அவர்களுடைய இயற்கைப் பெருக்கத்துடன்' இந்தியா திரும்புவார்கள் என்று இருந்தது. தேர்வுக்காக அந்த வரியின் கீழ் மையால் கோடுகூடப் போட்டிருந்தாள். இயற்கைப் பெருக்கம் என்றால் பிள்ளைகள். செல்லக்கிளியும் அவள் தம்பிமார் இருவரும். இத்தனை நாள் அந்தச் சொல்லை ஒரு சொல்லாக மட்டுமே படித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பேச்சித்தாயிடம் அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த விடுமுறை முழுக்க அவள் உப்பளங்களில் அலைந்தாள். பேச்சித்தாயைப் போல அக்கரையில் ஓர் ஆளை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இருபத்திரண்டைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எம்.ஏ. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவர்கள்தான்.

பேராசிரியர் அந்த அத்தியாயத்தின் மேல் குறுக்காகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் திருப்பித் தந்தார். "இது ஆய்வு இல்லை, அழுகைக் கதை. எடுத்துவிடு. முதல் வகுப்பு உறுதி."

"இருபத்திரண்டு குடும்பம் சார். பேரு, தோட்டம், தேதி எல்லாம் இருக்கு. எந்த வரி பொய்யின்னு காட்டுங்க, எடுத்துர்றேன்."

"பொய் என்று நான் சொல்லவில்லை. தேவையில்லை என்கிறேன்."

"யாருக்குத் தேவையில்ல?"

அத்தியாயத்தை அவள் எடுக்கவில்லை. 1975 மே மாதம் முடிவு வந்தபோது ஆய்வேட்டுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. மொத்தத்தில் மூன்றாம் வகுப்பு. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற எண்ணம் அதோடு போயிற்று.

"அந்த ஒரு பாகத்த எடுத்திருந்தா என்னளா கெட்டுப்போயிருக்கும்?" என்று எபனேசர் கேட்டார். அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

புதுத் துறைமுகம் வந்த பிறகு ஊரில் கப்பல் ஏஜென்சிகள் பெருகியிருந்தன. அவற்றில் ஒன்றில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனு அடிப்பாள். டெல்லிக்கு, சென்னைக்கு, கொழும்புக்கு, கண்டிக்கு. முதலில் செல்லக்கிளிக்காக, பிறகு மற்ற இருபத்தொன்றுக்கும். பாதி மனுக்களுக்குப் பதிலே இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் ஒருமுறை இரண்டு பேர் மேலாளரிடம் வந்து அவளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். "வேண்டாம்மா, நிறுத்திரு" என்றார் மேலாளர் ராஜதுரை. அடுத்த மனுவை அவர் கண்ணெதிரிலேயே அடித்தாள். கறாரான ஆள்தான், ஆனாலும் அவர் வேலையை விட்டு நீக்கவில்லை.

1978 பிப்ரவரியில் செல்லக்கிளி வந்தாள், மூன்று மாத விசாவில், ஒரு வெளிநாட்டுக்காரியாக. ராமேசுவரத்துக் கப்பல் துறையில் பேச்சித்தாயும் ஜெபகனியும் காலையிலிருந்து காத்து நின்றார்கள். பிரிந்திருந்த ஆறு வருஷத்தில் செல்லக்கிளிக்குக் கல்யாணம் ஆகி, இடுப்பில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், இந்தப் பக்கம் அவள் அம்மா. நடுவில் மேசை போட்டு ஓர் அதிகாரி.

"வந்த நோக்கம்?" என்று அவர் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் 'சுற்றுலா' என்று எழுதினார்.

ஜெபகனி கம்பியைப் பிடித்தாள். "சார், அத அடிங்க."

"நீங்க யாரு?"

"அத அடிச்சிட்டு, அம்மாவப் பார்க்கன்னு எழுதுங்க. இவ ஊர் சுத்திப் பாக்க வரல."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லம்மா. சுற்றுலா, வியாபாரம், மருத்துவம். மூணுதான்."

"அப்ப நாலாவதா ஒண்ணு எழுதுங்க."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் சத்தம் போட்டார். ஜெபகனி நகரவில்லை. பேச்சித்தாய்தான் அவள் முழங்கையைப் பிடித்தாள். "விடுங்க கனிம்மா. அவரு என்ன வேணா எழுதட்டும். பிள்ளைய என் கையில குடுக்கச் சொல்லுங்க."

அதிகாரி எழுதியதை மாற்றவில்லை. குழந்தையைக் கம்பிக்கு மேலாக வாங்கிப் பேச்சித்தாயிடம் கொடுத்தார்.

மூன்று மாதம் முடிந்ததும் செல்லக்கிளி திரும்பினாள். அங்கே புருஷன் இருந்தான், தோட்டத்தில் பேர் பதிந்திருந்தது. போகிற அன்று பேச்சித்தாய் அழவில்லை. மறுநாளே உப்பளத்துக்குப் போய்விட்டாள்.

ஜெபகனியால் அப்படி முடியவில்லை. மறுவிசாவுக்கான மனுவை அவள் அடித்த வேகத்தில் காகிதத்தில் பொத்தல் விழுந்தது.

"மெதுவா அடிம்மா, பேப்பர் கிழியுது" என்றார் ராஜதுரை.

"கிழியட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் புதுத் தாளை உருளையில் செருகினாள்.